பழந்துணிப் பெட்டி

ஈரவேட்டிச் சாமியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள். செண்பகவடிவு ஒரு மரப்பெட்டி கொண்டு வந்தாள்.

கடலில் குளித்துவிட்டு, வேட்டி காய்வதற்குள் மறுபடியும் கடலில் இறங்கிவிடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வடிவைவிட நாலைந்து வயது இளையவர். வடிவு நீலந்துறையின் பூட்டுக்காரி. அவள் செய்த பூட்டுத் தொங்காத கதவு ஊரில் அபூர்வம். வேலை ஓய்ந்த நேரங்களில் சாமியிடம் வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதில் கிடைக்காமல் சந்தோஷமாகத் திரும்பிப் போவாள்.

அன்று பெட்டியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை வலைக்கார லூர்தும் பிடித்திருந்தார்கள். பின்னால் ஒரு பூனை வந்தது.

"என்ன இது?"

"பழந்துணி, சாமி. மேல அப்படித்தான் எழுதியிருக்கு."

சாமி மூக்கைச் சுளித்தார். "துவைச்சு ரொம்ப நாளாச்சு போல."

லூர்து மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். உள்ளே உப்புப் போட்ட திமிங்கில இறைச்சி, கொழுப்பு மினுமினுக்க அடுக்கியிருந்தது.

நீலந்துறையில் திமிங்கிலம் பிடிக்கத் தடை. ஆராய்ச்சிக்கு மட்டும் பிடிக்கலாம் என்று ஒரே ஒரு கப்பல் கம்பெனிக்கு அனுமதி இருந்தது. அந்த ஆராய்ச்சி நடுக்கடலில் தொடங்கி, பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் முடிந்தது. வடிவும் லூர்தும் இன்னும் சிலரும் சேர்ந்து வருஷக்கணக்காகத் துறைமுகத்தில் நின்று கத்திப் பார்த்தார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆதாரம் கம்பெனியின் கிட்டங்கிக்குள், சரக்கோடு சரக்காக, பூட்டுக்குப் பின்னால் இருந்தது.

"நேத்து மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கிட்டங்கிப் பூட்டை உடைச்சோம் சாமி. சுத்தியலால ஒரே போடு. இதைத் தூக்கிட்டு வந்துட்டோம்."

"யார் செஞ்ச பூட்டு?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "நான் செஞ்சதுதான்."

அந்த ஊர்ப் பூட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூட்டு விற்கும்போது, வாங்குகிறவர் வாசலில் நின்று, "இனி இதன்மேல் என் கை படாது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் சொல் தவறினவரிடம் அப்புறம் யாரும் பூட்டு வாங்குவதில்லை.

"உன் பூட்டுத்தானே. சத்தமில்லாம திறந்து எடுத்துட்டு, மறுபடி பூட்டிட்டு வந்திருக்கலாமே."

"கொண்டை ஊசி போதும் சாமி. என்னமோ, அப்படிச் செய்யக் கை வரல."

"ம்."

"பழந்துணிப் பெட்டியைக் காணோம்னு கம்பெனி மேலாளர் புகார் கொடுத்திருக்காரு. நாளைக்குக் கப்பல் வேட்டைக்குக் கிளம்புது. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நீங்க சொல்லுங்க. நான் செஞ்சது திருட்டா, இல்லையா?"

"பெட்டி கனமா?"

"கனம்தான்."

சாமி சும்மாடு கட்டிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"எங்க சாமி?"

"தொலைச்சவர்கிட்ட."

சாமி பாடிக்கொண்டே நடந்தார். ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மீன் சந்தையைத் தாண்டும்போது ஒரு பூனை பத்தாகி, பத்துக் கணக்கில்லாமல் போனது. சுவரேறி வந்தன, கூரையிலிருந்து குதித்தன, வாலைத் தூக்கிக்கொண்டு வரிசை கட்டின. பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"சாமிக்கு இன்னிக்குத்தான் சரியான பக்தர்கள் கிடைச்சிருக்காங்க," என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"காணிக்கை மட்டும் வைக்க மாட்டேங்கறாங்க," என்றார் சாமி.

துறைமுக மண்டபத்தில் நீதிபதி அம்மாள் உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்த மேலாளர் அம்பலவாணனும் அங்கேதான் இருந்தார். சாமி பெட்டியை நடுவில் இறக்கினார்.

"ஐயா தொலைச்ச பழந்துணிப் பெட்டி இதுதானா?"

மேலாளர் "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒரு பூனை பெட்டிமேல் தாவி மூடியைப் பிராண்டியது. இன்னொன்று அதன்மேல் ஏறியது.

"பழந்துணிக்கு எதுக்குங்க இத்தனை பூனை?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மேலாளர் வாயை மூடினார். பிறகு, "இது எங்க பெட்டி இல்லை," என்றார்.

"நல்லாப் பாருங்க," என்றார் நீதிபதி.

"பார்த்துட்டேங்க. எங்க பழந்துணியில இப்படி வாடை வராது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீதிபதி மூடியைத் திறக்கச் சொன்னார். சிரிப்பு அடங்கியது.

"திமிங்கிலம். எங்கேயிருந்து வந்தது இது?"

மேலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க புகாரை வாபஸ் வாங்கிக்கறேங்க. நாளைக்குக் கப்பல் கிளம்பணும், வேலை கிடக்கு."

லூர்து வடிவின் காதருகே குனிந்தான். "தப்பிச்சோம் அக்கா. பெட்டிக்கு ஆளே இல்லைன்னு ஆயிருச்சு."

வடிவுக்கும் ஒரு நிமிஷம் மூச்சு லேசானது. அடுத்த நிமிஷம், படியிறங்கிப் போகிற மேலாளரின் முதுகு தெரிந்தது. அவரும்தான் தப்பித்துக்கொண்டிருந்தார். கப்பலில் ஈட்டி ஏற்றுகிற சத்தம் மண்டபம்வரை கேட்டது.

அவள் சாமியைப் பார்த்தாள். சாமி ஒரு பூனைக்குக் கழுத்தைச் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தார்.

வடிவு மடியை அவிழ்த்தாள். உடைந்த பூட்டை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கம்பெனிக் கிட்டங்கிப் பூட்டுங்க. நான் செஞ்சு, நானே உடைச்சது. பெட்டி அதுக்குள்ளேயிருந்துதான் வந்தது."

"பூட்டுக்காரியே உடைச்சாளா?" என்றாள் ஒருத்தி, மெதுவாகத்தான். வடிவுக்குச் சுருக்கென்றது.

மேலாளர் திரும்பி வந்தார். "ஊர் பூரா இவ பூட்டுத்தான் தொங்குது. எங்கேயோ கிடந்ததை எடுத்துட்டு வந்து எங்க தலையில கட்டறா."

"இருக்கலாம்," என்றார் நீதிபதி. "உங்க இடுப்புல தொங்குற சாவியைக் கொஞ்சம் கொடுங்க."

பூட்டின் வளையம்தான் உடைந்திருந்தது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. சாவி வழுக்கிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றியது. 'க்ளிக்.'

அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. அந்த நிலைமையிலும் வடிவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

கிட்டங்கியில் இருந்த பழந்துணிப் பெட்டிகள் எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் திறக்கப்பட்டன. ஒன்றிலும் ஒரு கோவணம்கூட இல்லை. கப்பலின் அனுமதி ரத்தானது. நீலந்துறைப் பூனைகளுக்கு மறக்க முடியாத நாள்.

"பூட்டை உடைச்சது குற்றம்," என்றார் நீதிபதி.

"ஆமாங்க."

"ஒரு மாசம்."

"சரிங்க."

"அம்மா, பெட்டியைத் தூக்கினது நான்," என்று லூர்து முன்னால் வந்தான்.

"எந்தப் பெட்டி? மேலாளர்தான் தன்னோடது இல்லைன்னுட்டாரே. வீட்டுக்குப் போப்பா."

சிறைக் கதவில் தொங்கியதும் வடிவு செய்த பூட்டுத்தான். சிறைக்காவலர் தயங்கித் தயங்கி அவளுடைய கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. பூட்டும் உங்களுது, ஊசியும் உங்களுதுன்னா, நான் எதுக்கு இங்க?"

ஜன்னல் வழியே, கரையில் கட்டிக் கிடந்த கப்பல் தெரிந்தது. அதற்கும் அப்பால், எப்போதாவது, தண்ணீர் பீய்ச்சி எழுந்து அடங்கியது.

சில நாள் கழித்துச் சாமி வந்தார். இந்த முறை பழம் கொண்டு வந்தவர் அவர். வேட்டி சொட்டியது. காவலர் துடைப்பத்தைத் தேடினார்.

"இனி எவன் சாமி என்கிட்ட பூட்டு வாங்குவான்?" என்றாள் வடிவு, விரித்த தலையோடு.

காவலர் தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்டுல ஒண்ணு சொல்லிவைக்கச் சொன்னா. உடைச்சா உடைச்சேன்னு வந்து சொல்ற ஆள் செஞ்சதாப் பார்த்து வேணுமாம்."

வடிவு சிரித்துவிட்டாள். அப்புறம், "சாமி, நான் அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. திருட்டா, இல்லையா?" என்றாள்.

சாமி காவலரிடம் கையை நீட்டினார். "அவளோட ஊசியைக் கொடுங்க."

"சாமி, அதைக் கொடுத்தா..."

"கொடுங்க."

கம்பி இடுக்கு வழியாக, பழத்துக்குப் பக்கத்தில், சாமி அந்தக் கொண்டை ஊசியை வைத்தார். பிறகு காவலரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். காவலருடைய கண் கடலில் இருந்தது. காது முழுக்கப் பின்னால் இருந்தது.

வடிவு ஊசியை எடுத்தாள். பூட்டு கைக்கு எட்டுகிற தூரம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி, இறுக்கிக் கொண்டை போட்டு, ஊசியைச் செருகிக்கொண்டாள்.

"என்னமோ கேட்டியே வடிவு?" என்றார் சாமி, திரும்பாமல்.

வடிவு பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.