மழை என்று சொன்னவர்

மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. அங்கே பயிற்சி கொடுத்தவர் நஸீமா. அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் இருதயராஜ். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதிருக்கும் ஒருவரை 'மேடம்' என்று அழைக்க ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே நாளில் அந்தக் கூச்சம் போயிற்று.

அந்த நாளில் அவருடைய குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தன. பிஸ்டலை மாற்றிப் பார்த்தார். தோட்டாவை மாற்றிப் பார்த்தார்.

"கோளாறு எதுல மேடம்? துப்பாக்கியிலயா, தோட்டாவுலயா?"

நஸீமா அவருடைய மேகசினை வாங்கினார். முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாக்களை நிரப்பித் திரும்பக் கொடுத்தார்.

"சுடுங்க சார்."

இரண்டு வெடித்தன. மூன்றாவதுக்கு 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. உள்ளே வெடிக்க எதுவுமே இல்லாத போலித் தோட்டா அது. ஆனால் வெடிக்காத பிஸ்டலின் முனை வெடித்ததுபோலவே கீழே குனிந்தது. இருதயராஜ் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துப்பாக்கி சுடல," என்றார் நஸீமா. "உங்க கை சுட்டிருச்சு."

அன்றிலிருந்து அவர் சொல்வதை இருதயராஜ் மறுபேச்சு இல்லாமல் கேட்டார்.

கிளப்பில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். தணிகாசலம். மோட்டார் பம்ப் வியாபாரி, வாய் ஓயாத மனிதர். இருவரும் ஒரே காரில் வருவார்கள், ஒரே காரில் போவார்கள். நேரம் வைத்துச் சுடும் போட்டிக்கு இருவரும் சேர்ந்து தயாரானார்கள். அந்தப் போட்டியில் துப்பாக்கி நடுவில் நின்றுபோனால் கடிகாரம் நிற்காது. ஓடும் நேரத்துக்குள் தானே சரிசெய்துகொண்டு சுட வேண்டும்.

"நின்னா யோசிக்காதீங்க," என்று நஸீமா சொல்லிக்கொடுத்தார். "மேகசினை அடியில தட்டுங்க. மேல இருக்கற ஸ்லைடைப் பின்னால இழுத்து விடுங்க. சுடுங்க."

தட்டு, இழு, சுடு. காலையிலிருந்து மதியம்வரை இதுவே பாடம். தணிகாசலத்தின் கை இதில் சீக்கிரம் பழகிவிட்டது. பேசிக்கொண்டே செய்வார்.

ஒருநாள் பாடம் முடிந்து துப்பாக்கிகளைப் பெட்டியில் வைக்கும்போது நஸீமா இன்னொன்றும் சொன்னார்.

"சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதா வந்தா மட்டும் சுடாதீங்க. உள்ள மருந்து இல்லாம அடியில இருக்கற கேப் மட்டும் வெடிச்சிருக்கும், குண்டு குழாய்லயே மாட்டியிருக்கும். அதுக்குப் பின்னால இன்னொண்ணு போனா குழாய் வெடிச்சிரும்."

சரி மேடம் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

போட்டிக்கு வேண்டிய தோட்டாக்களைக் கிளப்பிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ள அனுமதி இருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, அடியில் புதுக் கேப் பொருத்தி, மருந்து போட்டு, மேலே புதுக் குண்டைப் பொருத்துவார்கள். அதற்கென்று ஒரு அறை. உள்ளே செல்போன் எடுத்துப்போகக் கூடாது. குண்டைப் பொருத்துவதற்கு முன் கூடுகள் இருக்கும் தட்டை விளக்கடியில் பிடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நஸீமா வைத்த சட்டம் இது. இருதயராஜ் கணக்குப் பார்த்துப் பழகிய ஆள். தனக்கும் தணிகாசலத்துக்கும் சேர்த்து அவரே நிரப்புவார்.

மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் ஒருநாள் மட்டும் போனைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். பாதித் தட்டில் அது அடித்தது. மனைவி கூப்பிட்டிருந்தார்.

"பொண்ணு பொறந்திருக்குங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

இருதயராஜ் அறைக்கு வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் நின்று சிரித்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் அழுதார். யார் சாயல், என்ன எடை என்று எல்லாம் கேட்டார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எந்த இடத்தில் விட்டோம் என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மனம் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தது. தட்டை விளக்கடியில் பிடிக்க மறந்துபோனார்.

மறுநாள் பயிற்சிக்கு வரும்போது தணிகாசலத்துக்கு ஒரு டப்பா லட்டும் ஒரு பெட்டி தோட்டாவும் கொடுத்தார்.

"தாத்தாவாயிட்டே," என்று தணிகாசலம் அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்று மழை. ரேஞ்சின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தடங்களிலும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நஸீமா கடைசித் தடத்தில் புதியவர் ஒருவரோடு இருந்தார். தணிகாசலத்துக்குப் பின்னால், அவர் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில், இருதயராஜ் டைமரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்கு வெடி சரியாக வந்தது. ஐந்தாவது, ஈரத்துணியை உதறியதுபோல ஒரு சின்னச் சத்தம்.

இருதயராஜுக்கு அது கேட்டது. காதுமூடியையும் மழையையும் தாண்டிக் கேட்டது. அது என்ன என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் தணிகாசலத்தின் கை தட்டி, இழுத்து, சுட்டுவிட்டது.

பிஸ்டலின் குழாய் பிளந்தது. தணிகாசலம் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரல் பாதியில் போயிருந்தது.

கிளப்பில் விசாரணை வைத்தார்கள். பிளந்த குழாயில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பழைய பிஸ்டல், குழாயில் முன்பே விரிசல் இருந்திருக்கலாம் என்றார் ஒருவர். முதலில் ஒரு குண்டு மாட்டி, அடுத்தது அதையும் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம் என்றார் இன்னொருவர். தணிகாசலத்துக்கு எதுவும் நினைவில்லை.

"நீங்கதான் பின்னால நின்னீங்க," என்று செயலாளர் இருதயராஜைக் கேட்டார். "அதுக்கு முன்னால சத்தத்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

இருதயராஜ் கட்டுப்போட்டிருந்த தணிகாசலத்தின் கையைப் பார்த்தார்.

"மழைங்க," என்றார். "சரியாக் கேக்கல."

அதற்குப் பிறகு நஸீமா எழுந்தார்.

"நிறுத்தறதை ஒரு தரம் சொன்னேன்," என்றார். "சுடறதை ஆயிரம் தரம் செய்ய வெச்சேன். தப்பு என்னோட பாடத்துல இருக்கு."

ரேஞ்சின் சாவிகளை மேசைமேல் வைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. வாசலில் இருதயராஜ் நின்றிருந்தார். நஸீமா அவரருகில் நின்று, "பேத்தி எப்படி இருக்கா சார்?" என்று கேட்டார். "நல்லா இருக்கா மேடம்," என்றார் அவர். நஸீமா ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை இருதயராஜ் வீட்டுக்குக் கொண்டுபோனார். குருவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, பேத்தி பிறந்த சந்தோஷத்தில் நடந்த பிசகு என்று புரிந்துகொண்டு நம்மைக் காப்பாற்றிவிட்டுப் போகிறார் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை நம்பினார். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் அவரால் ராத்திரி தூங்க முடிந்தது. அதே நாளில் நிரப்பிய மீதித் தோட்டாக்களை மட்டும் பீரோவில் பூட்டி வைத்தார். பிரித்துப் பார்க்கவும் துணிவில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை.

பேத்தி தவழ ஆரம்பித்த பருவத்தில், ஒருநாள் டீக்கடையில் தணிகாசலம் சொன்னார்.

"இடது கையால சுடக் கத்துக்கலாம்னு நஸீமா மேடத்தைத் தேடிப் போனேன்டா. பொள்ளாச்சியில அண்ணனோட மூக்குக் கண்ணாடிக் கடையில இருக்காங்க. முடியாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"என் பாடத்தால ஒரு கை போச்சு, இன்னொரு கை போக வேண்டாம்னு சொல்றாங்க. ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறாங்களாம். அவங்க அண்ணன் சொல்லி வருத்தப்பட்டாரு."

இருதயராஜ் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். அவங்களுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பொள்ளாச்சிக்குப் போனார். தோட்டாப் பெட்டியையும், தலைக்குள் தோட்டாவைப் பொருத்தித் தட்டிப் பிரிக்கும் சின்னச் சுத்தியலையும் பையில் எடுத்துக்கொண்டார். கடையின் பின்னறையில், கண்ணாடி வில்லை அறுக்கும் மேசைக்கு எதிரே நஸீமா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

இருதயராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்தது, வேப்பமரம், விளக்கில் பிடிக்காத தட்டு, ஈரத்துணிச் சத்தம்.

நஸீமா கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தார்.

"மழைன்னு சொன்னீங்களே சார்."

"ஆமா மேடம்."

இருதயராஜ் பையிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்தார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம். அன்னிக்கு வாசல்ல பேத்தி எப்படி இருக்கான்னு கேட்டீங்க. எல்லாம் தெரிஞ்சுதான் அப்படிக் கேக்கறீங்கன்னு..."

"பேத்தி எப்படி இருக்கான்னு கேட்டேன்," என்றார் நஸீமா.

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, அவராகவே சொன்னார்.

"ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல மேடம். அந்த ஒண்ணுல மருந்து இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? விசாரணையில ஒருத்தர் சொன்ன மாதிரி குழாய் விரிசலாக்கூட இருந்திருக்கலாம். தப்பு என்னோடதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நஸீமா பெட்டியை வாங்கினார். மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தார். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார், அவருக்கும் ஒன்று கொடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாகச் சுத்தியலில் பொருத்தித் தட்டினார். குண்டு தனியே கழன்றது. மருந்து துணியில் கொட்டியது. அதை அவர் பக்கம் நகர்த்தி, அவர் பார்க்கும்வரை காத்திருந்து, அடுத்ததை எடுத்தார்.

எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. ஒவ்வொன்று பிரியும்போதும் இருதயராஜின் மூச்சு கொஞ்சம் இலகுவாயிற்று. கடைசித் தோட்டாவும் பிரிந்து மருந்து கொட்டியதும் அவர் நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம்."

தன் குரலில் இருந்த சந்தோஷம் அவர் காதிலேயே விழுந்தது.

"ஆமா சார்," என்றார் நஸீமா. "சரியா இருந்ததெல்லாம் இங்க இருக்கு."

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ கண்ணாடிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தணிகாசலம் சார்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம். முதல்ல உங்ககிட்ட..."

"கை அவரோடது," என்றார் நஸீமா.

அன்று மாலையே இருதயராஜ் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனார். வாய் ஓயாத மனிதர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, பாதி விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டார்.

"தவறிப்போனதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்டா," என்றார். "தினமும் என்கூட டீ குடிச்சியே."

தணிகாசலம் எழுந்து வாசல் கதவைத் திறந்தார்.

"போயிட்டு வா."

கிளப்பிலும் போய்ச் சொன்னார். ஒரு வருடம் உள்ளே வரக் கூடாது என்றார்கள். இன்னும் கடுமையாக ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். செயலாளர் பொள்ளாச்சிக்கு நேரில் போய் நஸீமாவிடம் சாவிகளைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார், உடனே வரவில்லை. சில வாரம் கழித்து வந்தார். தணிகாசலத்துக்கு இடது கையில் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை சுடுவதைவிட நிறுத்துவதையே அதிகம் செய்ய வைத்தார். அதைப் பார்த்த ஒருவர் இருதயராஜிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார்.

வருடம் முடிந்ததும் இருதயராஜ் கிளப்புக்கு வந்தார். ரேஞ்சில் தணிகாசலம் தனியாக நின்று இடது கையால் குறி பார்த்துக்கொண்டிருந்தார். டைமர் அவருக்குப் பக்கத்துப் பலகையில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பி வேலிக்கு வெளியே நஸீமா உட்கார்ந்திருந்தார். இருதயராஜ் அவர் முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் மறுபடி வரலாமா மேடம்?"

நஸீமா தணிகாசலத்தின் பக்கம் பார்த்தார்.

"அவருக்குப் பின்னால நிக்க ஒரு ஆள் வேணும் சார்," என்றார். "அவர்கிட்டக் கேளுங்க."