முரசி முரசைக் கீழே போட்ட நாள்

கணினிக் கட்டளைகளுக்கெல்லாம் வாயும் வயிறும் இருந்த அந்தக் காலத்தில், ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழி ஒரு சின்ன ஊர். நாம் போனில் தட்டித் திறக்கிறோமே இணையப் பக்கம், அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது அந்த ஊர். முன்னால் நமக்குத் தெரிகிற எழுத்து, படம், பொத்தான் எல்லாம் பின்னால் இருந்த அந்தக் கட்டளைகளின் உழைப்பு. நாம் என்றைக்காவது அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லியிருப்போமா? அதற்குத்தான் இந்தக் கதை.

அந்த ஊரில் வேலை நடந்த விதமே தனி. யாருக்காவது உதவி வேண்டுமென்றால் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வந்து, கூப்பிட்டவர் தோளில் ஏறி நின்று வேலை பார்ப்பார். அவருக்கும் ஆள் தேவைப்பட்டால் அவர் தோளில் இன்னொருவர். வேலை முடிந்ததும் மேலே இருப்பவர் முதலில் இறங்குவார், கையில் விடையோடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சியில் நிற்பவருக்குக் கால் தடுமாறினால் போச்சு. பிடித்திருந்த தோளையெல்லாம் இழுத்துக்கொண்டு அத்தனை பேரும் தரையில் வந்து விழுவார்கள்.

விழுந்தால் என்ன, எழுந்துகொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் இருந்தது வினை. ஊர்த்தலைவர் பெயர் உலாவி, நாம் ப்ரௌசர் என்கிறோமே, அவர்தான். பக்கத்தை ஒளிரவைக்கிற விளக்கு அவர் கையில் இருந்தது. தரையில் ஒருவர் விழுந்தால் முரசு அடிக்க வேண்டும். முரசுச் சத்தம் கேட்டால் உலாவி விளக்கை ஊதி அணைத்துவிடுவார். பக்கம் வெறும் வெள்ளையாகிவிடும். உச்சியிலிருந்து தவறியவரின் பெயரை ஊரிலிருந்தே அழித்துவிடுவார்கள். அதுதான் சட்டம். ஏன் எதற்கென்று யாரும் கேட்டதில்லை, உலாவியும் சொன்னதில்லை.

முரசு அடிக்கிற வேலை முரசி என்கிற பெண்ணுக்கு. இன்னார் விழுந்தார், இந்த வரியில் விழுந்தார், இந்தக் காரணத்தால் விழுந்தார் என்று சிவப்பு எழுத்தில் ஊருக்குச் சொல்ல வேண்டியது அவள் பாடு. அவளுக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் குரல் அப்படி, கணீரென்று ஊர்க்கோடி வரை போகும். அதனால் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் முரசைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வரிசையாக வருவதைச் சலித்துக் கொடுக்கிற ஃபில்டர்கூடச் சல்லடையை மறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். "காலங்காத்தால இவ மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்று காதுபடவே சொல்வார்கள். முரசி வீட்டுக்குப் போய், தங்கை ஃபைனலியிடம் சொல்லி அழுவாள்.

அந்த ஊரில் அவளோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் பார்ஸ்.

பார்ஸ் என்பவர் மூட்டை பிரிக்கிறவர். தூரத்திலிருந்து கம்பி வழியாகச் செய்திகள் மூட்டைகளாகக் கட்டப்பட்டு வரும். அவற்றைப் பிரித்து, உள்ளே இருப்பதை அதது இருக்கவேண்டிய இடத்தில் எடுத்து வைத்தால்தான் மற்றவர்களுக்கு வேலையே. மற்றவர்கள் எல்லாம் ஊருக்குள் இருக்கிற பொருளைக் கையாள்கிறவர்கள். பார்ஸ் மட்டும்தான் வெளியே இருந்து வருவதைத் தொடுகிறவர். உள்ளே என்ன இருக்கிறது, யார் எப்படிக் கட்டினார்கள் என்று திறந்து முடிக்கும்வரை தெரியாது. மூட்டை ஒழுங்காகக் கட்டியிருந்தால் சரி. எங்கேயாவது ஒரு முடிச்சு விட்டுப்போயிருந்தால் அவருக்குத் தலை சுற்றிவிடும். அவருக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவர் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அழித்தாகிவிட்டதே!

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து இறங்கியதும் பார்ஸ் நேரே முரசியிடம் வருவார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கும் உனக்கு வேலை வைக்கல பாத்தியா?" என்று சிரிப்பார்.

"வைக்காதீங்கண்ணே. நீங்க நல்லா இருந்தா அதுவே போதும்."

"எல்லாரும் உன்னைப் பாத்து ஓடுறாங்கன்னு மனசு விட்டுடாதே. விழுறவன் பேரை நாலு பேருக்கு ஒழுங்காச் சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே முரசி உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அவர் பெயரைத் தன் வாயால் சிவப்பில் சொல்லும் நாள் மட்டும் வரக்கூடாது என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

அவர்கள் உழைத்துக்கொண்டிருந்த பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குக் காற்றுச் செய்தி சொல்கிற பக்கம். விடிகிற நேரத்தில் இன்னாசி என்கிற படகுக்காரரும் அவர் கூட்டாளிகளும் மணலில் நின்றபடி போனில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். காற்று எப்படி, கடல் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவார்கள். பக்கம் வெள்ளையாக வந்தால், "செய்தி ஒண்ணும் இல்லப்பா, அப்ப ஒண்ணும் இருக்காது" என்று இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கிப் போய்ப் பட்ட பாடுகளும் உண்டு.

ஒருநாள் விடியும்போதே வெளியில் பேய்க்காற்று ஆரம்பிக்கிற அறிகுறி. கம்பி வழியே வந்த மூட்டையைப் பார்ஸ் கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னண்ணே?" என்றாள் முரசி.

"கனமே இல்ல தங்கச்சி. பாதிதான் வந்து சேந்திருக்கோ என்னவோ."

"அப்ப ஏறாதீங்க. திருப்பி அனுப்பிடுங்க."

"திறக்காம எப்படிச் சொல்றது? சின்ன மூட்டையாக்கூட இருக்கலாம். அங்க கரையில ஆளுங்க போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னிக்குப் பாத்து செய்தி சொல்லாம விட்டா அவங்க கதி?" பார்ஸ் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ட்ரை பண்ணிப் பாக்குறேன். ஆனா ஆச்சு, இல்லன்னா..."

இல்லையென்றால் என்ன என்று முரசிக்குத் தெரியாததா?

பார்ஸ் ஏறினார். ஒருவர் தோளில் ஒருவராக நின்றவர்களைத் தாண்டி உச்சிக்குப் போய், மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெயர் வந்தது. தேதி வந்தது. காற்று என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கப்புறம் கையை விட்டால் ஒன்றுமே இல்லை! கட்டிய வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கிழிசல். கம்பி நடுவழியில் அறுந்து, பாதி மூட்டை அங்கேயே நின்றுவிட்டிருக்கிறது. பார்ஸுக்குக் கண் இருட்டியது. கால் நழுவியது.

விழுந்தார்.

முரசி கீழே முரசோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் முரசு, ஒரு கையில் கோல். அவள் செய்ய வேண்டியது, அவர் தரையைத் தொட்டதும் அடிப்பது. அவ்வளவுதான். மேலிருந்து பார்ஸ் வருவது தெரிந்தது. நடுவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிவதும் தெரிந்தது. அவள் யோசித்தாளா என்று கேட்டால், இல்லை. யோசிக்க நேரம் ஏது? முரசை ஒரு பக்கம் எறிந்தாள், கோலை ஒரு பக்கம் எறிந்தாள். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு ஓடினாள்.

"கேட்ச்! கேட்ச்!" என்று கத்தினாள் ஃபில்டர். அதுவரை முரசியைக் கண்டால் முகம் திருப்பியவள்தான். அவளைப் பார்த்து மற்றவர்களும் கத்தினார்கள். தெருவில் பந்து உயரே போனால் நம் பிள்ளைகள் கத்துவார்களே, அதே மாதிரி.

பிடித்துவிட்டாள்!

நடுவில் இருந்தவர்கள் வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடியில் நின்றவர் தள்ளாடினார், ஆனால் நின்றுகொண்டார். தரையில் யாரும் விழவில்லை. முரசு ஒரு ஓரமாக உருண்டு கிடந்தது. ஊரே உலாவியின் விளக்கைப் பார்த்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் முரசி, அவரை இறக்காமலே.

"மூட்டை... பாதியில நின்னுபோச்சு தங்கச்சி. காற்றுன்னு இருந்துச்சு. மிச்சம் இல்ல."

அவள் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. அந்தக் கணீர்க் குரலில் பக்கத்தின் முன்புறம் பார்த்துச் சொன்னாள்: "இன்றைய காற்றுச் செய்தி வழியில் அறுந்துவிட்டது. முழுச் செய்தி வரும்வரை படகை இறக்க வேண்டாம். சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள்."

இத்தனை நாள் செத்தவர் பெயரைச் சொன்ன குரல், அன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களுக்காகப் பேசியது.

அவள் தங்கை ஃபைனலி பாவம், அவளும் சும்மா இருக்கவில்லை. எது நடந்தாலும் வீடு வீடாக இருக்க வேண்டும் என்பாள் அவள். துடைப்பத்தை எடுத்துச் சிதறிக் கிடந்ததைப் பெருக்கி, திறந்து கிடந்த கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் உலாவி வந்தார். வந்தவர் முகத்தில் கோபமா குழப்பமா என்று சொல்ல முடியவில்லை.

"முரசு ஏன் அடிக்கல?"

"எந்தக் கையால ஐயா அடிக்கட்டும்? ரெண்டு கையிலயும் அண்ணன் இருந்தாரே!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உலாவி சிரிக்கவில்லை. பார்ஸ் அவள் கையிலிருந்து இறங்கிக் கைகூப்பினார். "தப்பு என்னோடது ஐயா. என்னை அழிச்சிடுங்க. தங்கச்சியை ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

"நீங்க சும்மா இருங்கண்ணே," என்றாள் முரசி. பிறகு உலாவியைப் பார்த்தாள். "ஐயா, அழிக்கிறதா இருந்தா என்னையும் சேத்து அழிங்க. ஊரே என்னைப் பாத்து ஓடுனப்ப என்கூட உக்காந்து பேசின மனுஷன் இவரு. இவரு பேரைச் சிவப்புல சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒண்ணு கேக்குறேன். மூட்டை அறுந்தது இவரு குத்தமா? ஏறிப் பாத்தாரே, அதுவா குத்தம்?"

உலாவி கெட்டவர் இல்லை. சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடிக்கிற ஆள், அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணியபடி சட்டத்தை முணுமுணுத்துப் பார்த்தார். "முரசு கேட்டா அணைக்கணும். கேக்கல. அதனால அணைக்கல. தரையில விழுந்தா அழிக்கணும். இவரு தரையில விழல." அவருக்கே ஆச்சரியம். "அப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

ஊர் ஆரவாரம் செய்தது. உலாவி கையைத் தூக்கினார்.

"இரு, இரு. முரசி, இனி முரசு உனக்கு வேண்டாம், அதை நான் வச்சுக்கறேன். பிடிக்க ஆள் இல்லாத இடத்துல நானே அடிச்சுக்கறேன். நீ பிடிக்கிறதைப் பிடி. ஆனா பிடிச்சதை மடியில ஒளிச்சு வைக்கக் கூடாது. என்ன நடந்துச்சுன்னு உண்மையைச் சொல்லணும்."

"சொல்லாம இருப்பேனா ஐயா? எனக்கு வேலையே அதுதானே," என்றாள் அவள்.

அதே நேரம் கடற்கரையில், இன்னாசி போனைப் பார்த்துவிட்டுப் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டினார். வெயில் ஏறுவதற்குள் காற்று வந்தது. தென்னையை வளைத்த காற்று அது. அவர் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் போனைப் பார்த்தே சொன்னார்: "யாரு பெத்த புள்ளையோ, நீ நல்லா இருக்கணும் தாயி!"

இங்கே பார்ஸ் முரசியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உனக்கு நான் என்ன தங்கச்சி திருப்பிச் செய்வேன்?"

"அடுத்த தடவை ஏறுறப்ப ஒரு குரல் குடுத்துட்டு ஏறுங்க. அது போதும்."

"குடுக்காம ஏறுனா நான் மனுஷனே இல்ல. ட்ரைன்னு ஒரு சத்தம் குடுப்பேன். நீ கீழே வந்து நின்னாத்தான் காலை எடுத்து வைப்பேன். நீ வர முடியாத நாள்ல உன் தங்கச்சியாவது நிக்கணும். நான் மட்டுமில்ல, இந்த ஊர்ல வெளி மூட்டையைத் தொடுற எவனும் அப்படித்தான் ஏறணும்."

ஊர் ஒத்துக்கொண்டது. முரசி என்ற பெயர் போய், அன்றைக்கு எல்லோரும் கத்திய கேட்ச் என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

இன்றைக்கும் கட்டளை எழுதுகிறவர்களில் சிலர் அவளைக் கீழே நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்ல விடாமல் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அதெல்லாம் அவளுக்குச் செய்கிற துரோகம் ஐயா, வேறென்ன சொல்ல? ஆனால் அவர்கள் எழுதுகிற கட்டளையில் அவள் பெயருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற அடைப்புக்குறியைப் பாருங்கள். அன்றைக்கு விரித்த கைதான் அது, இன்னும் மடங்கவில்லை.

அந்த விடியலிலிருந்துதான், ட்ரை என்று எழுதியவர் அதன் கீழே கேட்ச் என்றோ, அவள் தங்கை ஃபைனலி என்றோ எழுதாமல் விட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு அடி நகர மாட்டேன் என்கிறது. யாரும் விழாத நாளில் கேட்சுக்கு ஒரு வேலையும் இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில்தான் பார்ஸ் இறங்கி வந்து, "என்ன தங்கச்சி, இன்னிக்கும் உனக்கு வேலை வைக்கல பாத்தியா?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே, விரித்த கையோடு அங்கேயே நிற்பாள்.