ஃபியூஸ் வேண்டாமென்ற முதலாளி

மாலைப் பனியில் எஸ்டேட் முதலாளி பொன்னம்பலத்தின் ஜீப் மேகத்துக்குள் நிற்பதுபோல் நின்றது. திருவிழா ஊர்வலத்துக்காக அதன் கூரையெல்லாம் வண்ண விளக்குகள்.

“விளக்கு வயரை நேரா பேட்டரியில கொடு. ஃபியூஸ் போட்டா நடுவழியில அணைஞ்சு மானம் போகும்,” என்றார் முதலாளி.

“வயர் சூடானா தீப்பிடிக்கும் ஐயா. ஃபியூஸ் இருந்தா அது முதல்ல அறுந்து காப்பாத்தும்,” என்றாள் டிரைவர் செங்கமலம்.

“சொன்னதைச் செய். இல்லன்னா வேலையை விட்டுப் போ!”

“சரிங்க ஐயா. பேட்டரி உங்க சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. நீங்க ஏறி உட்காருங்க. நான் நீளமா வயர் இழுத்து, அந்த மரத்தடியில நின்னு சுவிட்சைப் போடறேன்.”

ஏறப்போன முதலாளியின் கால் அந்தரத்தில் நின்றது. ஊர்வலத்துக்குக் கூடியிருந்த கூட்டம் சிரித்தது.

“பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸைப் போட்டுடும்மா,” என்றார் மெல்ல.

பனி மூடிய மலைப்பாதையில் ஜீப் வெளிச்சப் படகுபோல மிதந்து போனது. முதலாளி மட்டும் பின்னால் நடந்தே வந்தார்.