கப்பலில் ஏர் பூட்டிய குழைக்காதன்

செங்கழுநீர்ப்பட்டினத்து ராஜா வீரகேதன் சாவகத் தீவின் அரசருக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பிவைத்தார். யானை தனியாகப் போகுமா? பாகன் கொம்பையாவும் கூடவே கப்பல் ஏறினான்.

கப்பல் ஏகாம்பரம் என்ற வணிகருடையது. கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு அவர் 'காப்போலை' என்று ஒன்று விற்பார். வெளிநாட்டில் கை கால் முறிந்தாலோ, நோய்நொடி வந்தாலோ வைத்தியம் பார்த்து, சோறு போட்டு, பத்திரமாக ஊருக்கு அழைத்து வருவதாக அதில் எழுதியிருக்கும். கொம்பையாவும் ஒன்று வாங்கினான்.

"படிச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள் மனைவி மாரக்காள்.

"நல்லதாத்தான் எழுதியிருப்பாக" என்று சொல்லி, ஓலையைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. கொம்பையா வரவில்லை. அவன் எழுதிய கடிதம்தான் வந்தது. மாரக்காள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அரசவைக்கு ஓடி வந்தாள்.

"மகாராசா! சாவகத்துத் துறைமுகத்தில கப்பல் நின்னதும், இறங்குற அவசரத்தில யானை இவரை இடிச்சுத் தள்ளிருச்சாம். தொடை எலும்பு முறிஞ்சு யாரோ ஒரு மீன்காரர் வீட்டுல கிடக்காரு. வைத்தியம் பார்க்கவும் மாட்டோம், திருப்பிக் கூட்டிட்டு வரவும் மாட்டோம்னு ஏகாம்பரத்தோட ஆளுக கைவிட்டுட்டாகளாம்!"

ராஜா ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் பதறவே இல்லை.

"ஓலையில் 'வெளிநாட்டில் அடிபட்டால்' என்றுதான் இருக்கிறது மகாராஜா. கொம்பையா விழுந்தது கப்பல் தளத்தில். அதுவரை சாவகத்து மண்ணில் அவன் கால் படவே இல்லை. கப்பலோ நம் ஊர் மரம், நம் ஊர் ஆணி, நம் ஊர்க் கொடி. அது நம் நாடுதானே?"

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் என்ன செய்வார்? எழுதிக் கையெழுத்திட்ட ஓலையை ராஜாவே மீறினால், நாளைக்கு எந்த வணிகன் இந்தத் துறைமுகத்துக்கு வருவான்? பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த விகடகவி குழைக்காதனைப் பார்த்தார்.

குழைக்காதன் எழுந்து ஏகாம்பரத்தைக் கும்பிட்டான். "நீங்கள் சொல்வதுதான் சரி ஐயா. கப்பல் நம் நாட்டு நிலம். இதை ஒரு ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு இன்னொருத்தர் வந்து இதே வழக்கைப் பேசக் கூடாது பாருங்கள்."

ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல். அங்கேயே எழுதிக் கொடுத்தார். மாரக்காள் குழைக்காதனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது கணக்குப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா! நம்ம கப்பலில் மாடு ஏறுகிறது!"

போட்டது போட்டபடி ஓடினார். கப்பல் தளத்தில் நான்கு பேர் கோல் வைத்து நீள அகலம் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் முளை அடித்துக்கொண்டிருந்தான். பலகை வழியே கொம்பு சீவிய இரண்டு காளைகள் மெல்ல ஏறி வந்தன. பின்னால் குழைக்காதன், தோளில் கலப்பையோடு.

"அடப்பாவி, என்ன செய்கிறாய்?"

"உழப் போகிறேன் ஐயா. நம் நாட்டில் பதிவேட்டில் ஏறாத நிலம் ராஜாவுக்குச் சொந்தம். இது உங்கள் வாக்குப்படி நிலம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன், உங்கள் பெயரில் இல்லை. மகாராஜா கேழ்வரகு விதைக்கச் சொல்லிவிட்டார்."

"பலகையிலா?"

"கொஞ்சம் கெட்டி மண்தான். இரண்டு உழவு உழுதால் இளகிவிடும்." கலப்பைக் கொழுவைத் தளத்தில் ஊன்றினான். பலகை கிறீச்சென்றது.

"நிறுத்து! இது நிலமே இல்லை, கப்பல்!"

"நேற்று நம் நாடு என்றீர்களே?"

"இல்லை! நம் நாடு இல்லை!"

"சரி, சாவகத்தில் நின்றபோது இது எந்த நாடு? சீக்கிரம் சொல்லுங்கள், மாடு நிற்கமாட்டேன் என்கிறது."

"சாவகம்! சாவகம்தான்! வெளிநாடு!"

"ஹோ!" என்று மாட்டை நிறுத்தினான் குழைக்காதன். "அப்படியானால் கொம்பையா வெளிநாட்டில்தான் விழுந்திருக்கிறான். அதையும் எழுதிக் கொடுங்கள் ஐயா."

ஏகாம்பரம் எழுதிக் கொடுத்தார். கரையில் பல்லக்குக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீயே போய்க் கொம்பையாவை அழைத்து வா. சாவகத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வா. அதுதான் உனக்குப் பரிசு."

நான்கு மாதம் கழித்துக் கொம்பையா கோலை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கியதும், மாரக்காள் அழுதுகொண்டே அவனைத் திட்டித் தீர்த்ததும் உங்களுக்குத் தெரியட்டும். ஆனால் கப்பல் கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பாய் விரித்தாகிவிட்டது. நங்கூரம் தூக்க வேண்டியதுதான் பாக்கி. குழைக்காதன் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் காப்போலையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"பலகையில் ஏறும்போது வழுக்கி விழுந்தால் உண்டா ஐயா?" என்று பக்கத்தில் நின்ற ஏகாம்பரத்தைக் கேட்டான்.

"உண்டு."

"எனக்கு ஏற்கெனவே மூட்டுவலி. அது அங்கே போய் முற்றினால்?"

ஏகாம்பரம் முழித்தார். "அதற்கு... கிடையாது."

"நல்லது, தைலத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். திரும்பும் கப்பலைத் தவறவிட்டால்? படகில் போகும்போது கவிழ்ந்தால்? அங்கே யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? அவர் பெயர் என்ன, வீடு எங்கே?"

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கப்பல் எப்போது கிளம்புவது?"

"கிளம்பின பிறகு கேட்டால் உங்களுக்குக் காது கேட்காதே ஐயா!" என்றான் குழைக்காதன்.