துடுக்கியின் கையும் மைனாக்களின் வாயும்

துடுக்கி என்ற மந்திக்குக் கை முறிந்துபோனது. எல்லாம் ஒரு கரடி செய்த வேலை!

குரங்குகள் போய்வரும் வழியில் தேனுக்காகக் கிளையை முறித்தால், முழுதாக ஒடித்துக் கீழே போட்டுவிட வேண்டும். அதுதான் அந்தக் காட்டு வழக்கம். கரடியோ தேனை நக்கிவிட்டு, பாதி முறிந்த கிளையை அப்படியே தொங்கவிட்டுப் போய்விட்டது. குட்டியோடு தாவிய துடுக்கி, கிளையோடு தரையில் விழுந்தாள். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கை கூடுற வரைக்கும் எனக்கும் என் பிள்ளைக்கும் கரடிதான் பழம் கொண்டுவந்து போடணும்!" என்று, காட்டில் நியாயம் தீர்க்கும் யானையிடம் முறையிட்டாள். ஒற்றைக் கையால் மரமேறி இரை தேட முடியுமா? பால் வற்றினால் குட்டியின் கதி என்ன?

"காத்துல முறிஞ்ச கிளைக்கு நான் என்ன செய்வேன்?" என்று கரடி கையை விரித்தது.

பௌர்ணமியன்று விசாரிப்பதாக யானை சொன்னது.

அந்தக் காட்டில் ஓர் ஆலமரம் உண்டு. அங்கே மைனாக்களிடம் எதைச் சொன்னாலும் பொழுது சாய்வதற்குள் காடெங்கும் பரவிவிடும். தின்றது, திரிந்தது எல்லாவற்றையும் அங்கே கொட்டாவிட்டால் பாதிப் பேருக்குத் தூக்கமே வராது! துடுக்கியும் அங்கே போனாள்.

"என்னக்கா, இனிமே தரையிலதான் நடையா?" என்று ஒரு மைனா சீண்டியது.

துடுக்கிக்குச் சுருக்கென்றது. "யாரு, நானா? நேத்துகூட ஓடையை ஒரே தாவுல தாண்டினேன்!" என்றாள். பச்சைப் பொய்! குறுக்கே விழுந்து கிடந்த மரத்தில் தவழ்ந்துதான் தாண்டியிருந்தாள்.

பௌர்ணமியன்று கரடிக்காகப் பேச வந்த நரி, அந்த மைனாக்களையே கூட்டி வந்தது.

"ஒரே தாவு! ஒரே தாவு!" என்று அவை கத்தின.

"கேட்டீங்களா? கையை மடக்கிக்கிட்டு நடிக்கிறா!" என்றது நரி.

"வீம்புக்குச் சொன்னேன் பெரியவரே!" என்று துடுக்கி கதறினாள்.

"எந்தச் சொல்லை நான் நம்புறது? அடுத்த பௌர்ணமிக்கு வா. அதுவரைக்கும் கரடி எதுவும் தர வேண்டாம்" என்றது யானை.

துடுக்கி அழுதுகொண்டு உட்காரவில்லை. குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் கிழங்கு தோண்டினாள். மைனாக்கள் விடவில்லை.

"பட்டினியாமே அக்கா? கை எப்படி இருக்கு?"

"அதை யானைகிட்ட சொல்லிக்கிறேன். போங்கடி!" என்று பல்லைக் காட்டிச் சீறினாள்.

வம்புக்குத் தீனி கிடைக்காத மைனாக்கள் கரடியிடம் பறந்தன. "ஜெயிச்சிட்டீங்களாமே அண்ணே!"

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. "கிளையை முறிச்சதும் நான்தான்! தொங்கவிட்டதும் நான்தான்! யாரு என்னை என்ன பண்ண முடியும்?" என்று மார்தட்டியது.

பொழுது சாய்வதற்குள் யானையின் காதுக்கும் அது எட்டிவிட்டது.

"சும்மா வீம்புக்குச் சொன்னேங்க!" என்று அடுத்த விசாரணையில் கரடி குழைந்தது.

"அவ அப்படிச் சொன்னப்போ நீ ஒத்துக்கிட்டியா? உனக்கு மட்டும் தனி நியாயமா? அவ ஒத்தைக் கையால கிழங்கு தோண்டுறதை நானே பார்த்தேன். கொடுக்காம விட்டதையும் சேர்த்துக் கொண்டுவந்து போடு!" என்று யானை பிளிறியது.

கரடி பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்தது. மைனாக்களும் பின்னாலேயே வந்தன. "ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா!"

துடுக்கி ஒரு சுளையைக் குட்டியின் வாயில் வைத்தாள். மைனாக்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நியாயம் கேட்டு நிற்கும்போது ஊர் வாயில் போடும் சொல், எதிராளியின் கைக்குத்தான் போய்ச் சேரும்.