ஆயிரமாவது மேற்கோள்

மரபணு ஆராய்ச்சியில் பேராசிரியர் வைகுந்தநாதன் பெரிய புலி. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். நெல்லில் வறட்சி தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்ததாக அவர் எழுதிய கட்டுரையை இதுவரை 999 தடவை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் தொள்ளாயிரம் தடவை காட்டியது அவரேதான். ஆயிரம் ஆனால் விருது நிச்சயம்.

ஏழு வருஷமாக அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ஜெபராணி தன் ஆய்வேட்டோடு வந்து நின்றாள்.

"ஆயிரமாவது மேற்கோளைக் கொண்டு வாம்மா. அப்புறம்தான் கையெழுத்து."

"இந்த ஆய்வேடே உங்க கட்டுரையைப் பத்தினதுதான் சார். நீங்க கையெழுத்துப் போட்டா இதுவே ஆயிரமாவது."

அவர் என்றைக்கு எதைப் படித்தார்? "முழுவதும் படித்தேன், முற்றிலும் சரி" என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

விருதுக்குழு வந்தது. தலைவி ஆய்வேட்டைப் பிரித்து உரக்க வாசித்தார்: "பேராசிரியர் கண்டுபிடித்த மரபணு நெல்லுடையது அல்ல. நெல் வைத்திருந்த ஃப்ரிட்ஜில், அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து ஒழுகிய தயிர்சாதத்துப் பாக்டீரியாவுடையது."

"எந்த முட்டாள் இதுக்குக் கையெழுத்துப் போட்டான்?" என்று வைகுந்தநாதன் குதித்தார்.

தலைவி பக்கத்தைத் திருப்பிப் பச்சை மையைக் காட்டினார்.

ஜெபராணி மட்டும் கைதட்டினாள். "ஆயிரம் ஆயிடுச்சு சார்!"