சடைச்சிக் கரடியும் இலுப்பைச் சாமியும்

ஒரு மலைக்காட்டில் சடைச்சி என்ற கரடியும் அவள் மகன் கருத்தானும் வாழ்ந்தார்கள். அங்கிருந்த இலுப்பை மரத்தில் ஒரு சாமி குடியிருந்தது. பூ உதிரும் காலத்தில் மிருகங்கள் எல்லாம் அந்தப் பூவைத் தின்று, போதையில் மரத்தைச் சுற்றி ஆட வேண்டும் என்பது சாமியின் கட்டளை.

கருத்தான் மட்டும் மறுத்தான். போன வருஷம் ஒரு மான் ஆடிய மயக்கத்தில் தன் குட்டியையே மிதித்துவிட்டது என்றான். புத்தியைப் பறிக்கும் சாமி தனக்கு வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

சாமிக்கு ஆத்திரம் பொங்கியது. அவனை அது நேரே தண்டிக்கவில்லை. அவன் தாயின் புத்திக்குள் புகுந்தது.

ஆடிக்கொண்டிருந்த சடைச்சியின் கண்கள் சிவந்தன. அவளைக் கூட்டிப்போக வந்த மகன் அவளுக்குப் புலியாகத் தெரிந்தான்.

"அம்மா, நான்தான் கருத்தான்!" என்று அவன் கதறினான். அவள் காதில் உறுமல்தான் விழுந்தது. ஓங்கி ஒரே அறை. விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

புலியைக் கொன்றுவிட்டதாகச் சடைச்சி காடு முழுக்கக் கேட்கும்படி கூவினாள். யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் கிளையிலிருந்த மந்தி மெதுவாகக் கேட்டது: "சடைச்சி, புலி என்றால் உடம்பில் வரி இருக்குமே. இதற்கு எங்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். வரி இல்லை. மார்பில் வெள்ளைப் பிறை இருந்தது. குட்டியாக இருந்ததிலிருந்து அவள் நக்கி நக்கி வளர்த்த மகனின் மார்பு அது.

அழுது ஓய்ந்தபோது கோபம் மட்டுமே மிஞ்சியது. நேராக மரத்தடிக்குப் போனாள்.

"என்னை அவமதித்தான். தண்டித்தேன்" என்றது சாமி.

"நீயா தண்டித்தாய்? கொன்றது என் கை. அவன் வாயால் சொன்னதற்கு நீ வாயால் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இல்லாமல்தானே பெற்றவளை ஏவினாய்?"

சாமி கிளைகளை உலுக்கி, அவளையும் அழித்துவிடுவதாக மிரட்டியது.

"அழித்துக்கொள். இனி என்னிடமிருந்து பறிக்க உனக்கு என்ன இருக்கிறது?"

அவள் மரத்துக்கு முதுகைக் காட்டி நடந்தாள். மந்தி இறங்கி அவள் பின்னால் போனது. மான்களும் போயின. அந்த வருஷம் பூவெல்லாம் மரத்தடியிலேயே அழுகியது. கும்பிட ஆளில்லாத சாமி வெறுங்காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. சடைச்சி மகனைப் புதைத்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் கோபம் கடைசிவரை ஆறவும் இல்லை.

தன் ஆத்திரம் தீர அடுத்தவர் கையில் ரத்தக்கறை பூசுகிறவர் தெய்வமே ஆனாலும் கும்பிடத் தக்கவர் அல்ல.